ஒரு அடி எத்தினால் போதும்

எந்தச் சாமானையும் ரெண்டு தட்டு தட்டினால் வேலை செய்யும் என்று மனப்பூர்வமாக நம்பும் குடும்பத்தில் பிறந்தவள் நான். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு டிவிக்கு அப்பா மண்டையில் குட்டினால்தான் படம் வரும். மிக்சிக்கு இடுப்பில் ஒரு இடி. கிரைண்டருக்கு மட்டும் அம்மா காலால் ஒரு எத்து விடுவாள், உடனே சுற்றும். (எங்கள் பக்கம் எத்து என்றால் உதை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்மேல் பழி வரக்கூடாது.)

இந்தப் பயிற்சியோடுதான் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். ராயக்கோட்டை சாலையில் பல்சக்கரம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி கோவிந்தப்பா வீட்டில் தெலுங்கு பேசுவார், மெஷின்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுவார். நேர்காணலில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நெட்வொர்க்கிங் தெரியுமாம்மா?"

"நல்லாத் தெரியும் சார்" என்றேன். கல்லூரியில் அந்தப் பாடத்தைப் பரீட்சைக்குப் பரீட்சை சாய்ஸில் விட்டவள் நான்.

மூன்று மாதம் பார்ப்பார்கள், தேறினால் நிரந்தரம். அப்பா பஸ் ஏற்றிவிடும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். நிரந்தரக் கடிதம் வரவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, மாமாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்க வேண்டும். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை சேலையைப் பிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கடிதத்துக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன், நெட்வொர்க்கிங் படிப்பதைத் தவிர.

ஆபீசில் மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். டிசைன் அறையில் இருக்கும் மெயின் சிஸ்டத்தில் ஒரு ஷேர்டு ஃபோல்டர், அதற்குள் எல்லா டிராயிங்கும். மற்ற நான்கு பேரும் தங்கள் இடத்திலிருந்தே அதைத் திறந்து பார்க்கலாம். பார்க்கலாம் என்பது கம்பெனியின் நம்பிக்கை. நடந்தது என்னவென்றால், தினமும் காலை பதினோரு மணிக்கு அந்த ஃபோல்டரின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழும். "முத்துச்செல்வி, போச்சு" என்று நாலு பக்கமும் குரல் வரும்.

நானும் செய்யாத வைத்தியம் இல்லை. ஐந்தையும் அணைத்து அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன். வயர்களைப் பிடுங்கி, ஊதி, செருகினேன். எதுவும் கைகொடுக்காதபோது அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து 'பிங்' என்று அடித்துவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரிசையாக வரும். பார்க்கிறவர்கள் நான் ஏதோ ஆபரேஷன் செய்கிறேன் என்று சத்தமில்லாமல் நடப்பார்கள். ஒரு மணி நேரம் ஆறப்போட்டால் ஃபோல்டர் தானாகவே திரும்பி வரும். நான்தான் சரி செய்தேன் என்று எழுந்து நிற்பேன்.

டீ கொண்டுவரும் ரத்னம்மாவும் அதே பதினோரு மணிக்குத்தான் வருவாள். எனவே அவள்தான் ஏதோ வயரை மிதிக்கிறாள் என்று முடிவு கட்டி, ஒரு நாள் அவளை உள்ளே விடாமல் நிறுத்திப் பார்த்தேன். அன்றைக்கும் பதினோரு மணிக்கு ஃபோல்டர் போனது. கூடவே டீயும் போனதால் மொத்த ஆபீசும் என்னோடு பேசவில்லை.

இந்தக் கம்ப்யூட்டர்களை விற்றது அத்திப்பள்ளியில் கடை வைத்திருக்கும் மஞ்சு என்ற இளைஞர். அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் போன் போட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே. இரண்டரை மாதம் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆடிட் வந்தது. எங்களிடம் பல்சக்கரம் வாங்கும் பெரிய கம்பெனியின் அதிகாரி ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். செக்கிங் அறையில் இருப்பவர் பழைய பிரிண்டை வைத்து ஒப்பேற்றுகிறாரா, புது டிராயிங்கை ஃபோல்டரில் திறந்து பார்க்கிறாரா என்பதுதான் அவருக்கு முக்கியம். சரியாகப் பதினோரு மணிக்குப் பெருக்கல் குறி விழுந்தது. கோவிந்தப்பா என் மேசைக்கு வந்து குனிந்து, அதிகாரியை டீயில் பிடித்து வைத்திருப்பதாகவும், எனக்குப் பத்து நிமிடம்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மஞ்சுவுக்குப் போன் போட்டேன்.

"மேடம், ராயக்கோட்டை மண்டியில சிஸ்டம் பாத்துட்டு வந்துனு இருக்கேன். சானமாவு காட்டுல ரோட்டாண்ட ஆனை நிக்குது, வண்டிய வுட மாட்டேங்கறாங்க. போன்லயே சொல்றேன், செய்ங்க" என்றார்.

மேசைக்குக் கீழே யூபிஎஸ்ஸின் தலையில் லைட் எரிகிற சின்ன டப்பா ஒன்று இருக்கும், ஐந்து கம்ப்யூட்டர் வயரும் அதில்தான் சேருகிறது என்றார். இருந்தது. (அதுவரை அதை ஸ்டெபிலைசர் என்று நினைத்திருந்தேன்.) தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"அதான் மேடம் பிராப்ளம். அத்த எத்துங்க."

"எத்தவா?"

"ஆமா. எல்லா ஆபீஸ்லயும் நான் மொதல்ல எத்திட்டுதான் மத்த வேலையே பாப்பேன்."

"எவ்வளவு எத்தணும்?"

"ஒரு அடி எத்துனா போதும்."

ஒரே ஒரு அடி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அம்மாவும் கிரைண்டருக்கு ஒன்றுக்கு மேல் விடமாட்டாள். இருந்தாலும் கம்பெனிச் சொத்தாயிற்றே.

"ஒடஞ்சிராதுல்லா?"

"நீங்க எத்தி என்னாத்த ஒடையப் போவுது மேடம்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். நாற்காலியைத் தள்ளினேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். எங்கள் கம்பெனியில் ஆபீஸ் ஆட்களும் சேஃப்டி ஷூ போட வேண்டும், முனையில் இரும்புத் தொப்பி வைத்த ஷூ. கிரைண்டரை மனதில் நினைத்து, குலசாமியைக் கும்பிட்டு, விட்டேன் ஒரு எத்து.

டப்பா ஐந்து வயரையும் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. டைல்ஸ் தரையில் வழுக்கி, வாசல் தாண்டி, நடையில் திரும்பி, டீ குடித்து முடித்து வந்துகொண்டிருந்த அதிகாரியின் ஷூவில் போய் முட்டி நின்றது. அப்போதுதான் கோவிந்தப்பா அவரிடம், எங்கள் நெட்வொர்க் இரும்பு மாதிரி சார் என்று சொல்லிக்கொண்டு வந்தாராம்.

முதலில் பேசியது மேசைமேல் இருந்த போன்தான். "எத்துனீங்களா மேடம்? ஃபோல்டர் வருதா?"

"ஏம்மா அத்த ஒதைச்ச?" என்றார் கோவிந்தப்பா.

"அவங்கதான் சார் எத்தச் சொன்னாங்க."

"எத்தச் சொன்னா எத்த வேண்டியதுதானே? ஏன் ஒதைச்ச?"

"எத்தத்தான் சார் செஞ்சேன்."

இப்படியே நாங்கள் மூன்று சுற்று சுற்றினோம். முதலில் புரிந்துகொண்டது அந்த அதிகாரிதான். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கன்னடத்திலும் தெலுங்கிலும் எத்து என்றால் தூக்கு என்று அர்த்தமாம். யூபிஎஸ் சூட்டில் வேகிற டப்பாவை ஒரு அடி உயரம் தூக்கி வைக்கத்தான் அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். அதுவும் அளவு சொல்லி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டோர் அறையில் போய் நின்று விம்மி விம்மி அழுதேன். கண்ணை மூடினால் சேலை சேலையாகத் தெரிந்தது. ரத்னம்மா தேடி வந்து டீயைக் கையில் கொடுத்து, "அழுவாதம்மா. நீ என்னை உள்ள வராதன்னப்ப நானும் இங்கதான் நின்னேன்" என்றாள்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, டிராயிங்கைப் பென்டிரைவில் ஏற்றி, டிசைன் அறைக்கும் செக்கிங் அறைக்கும் ஓட ஆரம்பித்தேன். அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அந்த இரும்பு ஷூவோடு பதினான்கு நடை ஓடினேன். அன்றைக்கு அந்த ஆபீசின் நெட்வொர்க் கேபிள் நான்தான்.

யானை வழிவிட்ட பிறகு மஞ்சு புது டப்பாவோடு வந்தார். யூபிஎஸ்ஸிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து சுவரில் ஆணி அடித்து மாட்டினார். "பாருங்க மேடம், ஒரு அடி" என்றார். மறுநாள் பதினோரு மணிக்குப் பெருக்கல் குறி விழவில்லை. அதற்கப்புறமும் விழவில்லை.

அதிகாரியின் அறிக்கையில் எங்களைப் பற்றி இரண்டே குறிப்பு. நெட்வொர்க் சாதனங்களைச் சூடான பொருள்மேல் வைக்கக் கூடாது. பாதுகாப்புக் காலணி: அலுவலக ஊழியர்களும் அணிகிறார்கள், உறுதி நேரில் சோதிக்கப்பட்டது, திருப்தி.

ஒன்பதாம் நாள் கடிதம் கொடுத்தார் கோவிந்தப்பா. தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லணும் என்று திட்டிவிட்டு, பதினான்கு நடை ஓடியதற்காகத்தான் இது என்றார். கையெழுத்துக்குக் கீழே பேனாவால் 'எத்து = தூக்கு' என்று எழுதியிருந்தார். சந்தோஷத்தில் அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கண்ணாடி போடாத அப்பாவுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. உடனே போன். "என்னம்மா, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

அடுத்த வருஷம் நான் அத்திப்பள்ளிக்கே மருமகளாகப் போனேன். (ஆமாம், அந்த மஞ்சுதான். ஒரு அடி என்று அளந்து பேசுகிற ஆள் வீட்டுக்கு ஒருவர் வேண்டாமா?) கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கதை வீடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

மகள் பிறந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருக்க, குழந்தை தொட்டிலில் வீரிட்டு அழுதது. மாமியார் அடுப்படியிலிருந்து பழக்கதோஷத்தில் கன்னடத்திலேயே குரல் கொடுத்தார்.

"மகு அள்தா இதெ, எத்தம்மா."

குழந்தை அழுகிறது, தூக்கும்மா என்றுதான் சொன்னார். எனக்கும் அதற்குள் நன்றாகவே புரிந்தது. ஆனால் நான் எழுந்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். என் கணவர் ஓடிவந்து, எனக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.