ஆளில்லாத கடையில் அரை இஞ்ச் குழாய்

சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கினால் குடும்பத் தலைவி காலதாமதமின்றி உரிய நடவடிக்கை மேற்கொள்ள வேண்டும். நான் மேற்கொண்டேன். பழைய வாஷரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருக்கும் பெரிய வீட்டுச்சாமான் கடைக்குப் போனேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கடை திறந்தபோது அங்கே இருபது பேர். வணக்கம் சொல்வதற்கே இரண்டு பேர். பிறகு தலைமை அலுவலகம் ஆள்கூலிச் சீரமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் வணக்கம் போயிற்று. அப்புறம் பில் போடுகிறவர்கள் போய், நாமே ஸ்கேன் செய்துகொள்ளும் மெஷின் வந்தது. பைப் அறுப்பவரும் போனார். ரம்பம் மட்டும் சங்கிலியில் தொங்கியது, அறுப்பது நம் பொறுப்பு. மிஞ்சியது கண்ணாயிரம். சதுரங்கப்பட்டினத்துக்காரர். வாஷரைத் தடவிப் பார்த்தே அளவு சொல்வார். அவர் முன்னால் எப்போதும் வரிசை.

நானும் நின்றேன். எனக்கு முன்னால் செய்யூர்க்காரர் ஒருவர் தப்பான குழாயை வைத்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நம் ஊரில் வழி தெரியாதவன்கூட வழி சொல்லாமல் விடமாட்டான்.

"அது முக்கால் இஞ்ச். உங்களுக்கு வேண்டியது அரை."

"அப்டியாம்மா? அப்போ பெயின்ட்டு எது நல்லது?"

அதையும் சொன்னேன். மேனேஜர் வசந்த் கையில் கடிகாரத்தோடு வந்தார்.

"மேடம், ரெண்டு சந்தேகத்துக்கு மூணே நிமிஷம். கண்ணாயிரம் ஒண்ணுக்கே ஒன்பது நிமிஷம் எடுக்கறார்."

"அவர் சரியாச் சொல்றார்."

"அதை அளக்க எங்ககிட்ட வழியில்லை மேடம்."

மறுநிமிஷமே ஓர் ஆரஞ்சு கோட்டு வந்தது. 'மதிப்புறு வாடிக்கையாளர் ஆலோசகர்' என்று பேட்ஜ். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தும் ஒரு பேட்ஜ் கிடைக்காதவள் நான். மாட்டிக்கொண்டேன்.

கண்ணாயிரம் மெதுவாகக் கேட்டார்: "இன்னாக்கா, சம்பளமா?"

"வாஷருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி."

"வாஷரே அஞ்சு ரூபா. நீ பாட்டுக்கு சொல்லிகினு போற, அத்த எண்ணி என் வேலைக்கு வேட்டு வைக்கறாங்க. வூட்ல ரெண்டு பொண்ணு படிச்சிகினு கீது."

"நான் உதவிதானே செய்யறேன்" என்றேன். கோட்டு போட்டபின் அவரிடம் அளவு கேட்பது பதவிக்கு அழகில்லை. வாஷரை நானே தேர்ந்தெடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமையே கண்ணாயிரத்துக்கு வழியனுப்பு விழா. ஆளில்லாததால் வாடிக்கையாளர்களே நடத்தினோம். அன்னாரின் தன்னலமற்ற சேவை பற்றி நான் வாசித்தேன். மாலையை அவரே ஸ்கேன் செய்து போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை என் வாஷர் பிய்த்துக்கொண்டது. சமையலறையில் கணுக்கால் தண்ணீர். வேறு யாரைக் கூப்பிடுவது? கண்ணாயிரத்துக்குத்தான் போன் போட்டேன். தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். வந்தார், தடவிப் பார்த்தார், இரண்டே நிமிஷத்தில் மாட்டினார்.

"அறுநூறு குடுக்கா."

"ரெண்டு நிமிஷ வேலைக்கு அறுநூறா? இருநூறு வச்சுக்கோங்க."

கண்ணாயிரம் ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"என் கூலில கை வைக்க கடைக்காரங்களாச்சும் பன்னெண்டு வருசம் பொறுத்தாங்க."

இருநூற்றைம்பதில் முடித்தேன்.