எதிர்த்து நிற்க ஆள் தேவை

தவநேசனை எதிர்த்து நிற்க ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

வேட்புமனு வாங்கும் கடைசி நாள் முடிந்துவிட்டது. அவர் அந்த நாளை நீட்டித்தார். நீட்டித்த நாளும் முடிந்தது. தாமான் ஸ்ரீ கெனாங்கா குடியிருப்பாளர் சங்க மண்டபத்தில், மூடியில் துளை போட்டு அவர் வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு மனு கிடந்தது. அது அவருடையது.

"போட்டி இல்லன்னா நீங்கதான் தலைவர். வழக்கம்போல. டின்னை மூடிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள் அவர் மனைவி கமலவேணி.

"அந்த 'வழக்கம்போல'தான் இங்க பிரச்சினையே!"

பிரச்சினை ஒரு கட்டுரையில் ஆரம்பித்தது. தவநேசன் முற்போக்கானவர். நாட்டில் எதெல்லாம் எப்படி இயங்குகிறது, ஏன் அது சரியாக இயங்கவில்லை என்பதை விளக்காமல் அவருக்குக் காலைக் கோப்பி இறங்காது. ஒரு தொகுதியில் லட்சம் பேருக்கு ஒரு உறுப்பினர், இன்னொன்றில் இருபதாயிரம் பேருக்கு ஒரு உறுப்பினர் என்றால் ஒருவர் ஓட்டு இன்னொருவர் ஓட்டைவிட எத்தனை மடங்கு கனம் என்பதைக் கோப்பிக்கடை மேசையில் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கிக் காட்டுவார். எதிரே உட்கார்ந்து கேட்பது எப்போதும் யாப் கிம் லியோங். டயர்க்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், சங்கத்தின் செயலாளர். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் பொட்டலங்களை டப்பாவில் திருப்பிப் போடுவார்.

தவநேசனுக்கு மிகவும் பிடித்த விஷயம் நகராண்மைத் தேர்தல். அறுபதுகளில் நிறுத்தியதை இன்றுவரை திருப்பித் தரவில்லை. நாடாளுமன்றத்துக்கு ஓட்டு உண்டு, சட்டமன்றத்துக்கு உண்டு. ஆனால் வாசல் சாக்கடையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை மேலிடம் நியமிக்கும். 'கேட்காமல் வந்தவர் கேட்டாலும் போகமாட்டார்' என்று தலைப்புக் கொடுத்து நாளிதழுக்கு எழுதினார். அச்சில் வந்தது. படம் எடுத்து தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

மூன்றாவது வரிசை வீட்டு மெய் யீ, சட்டம் படிக்கும் பெண், உடனே பதில் போட்டாள்:

"அங்கிள், கட்டுரை சூப்பர்! ஒரு சின்ன டவுட். நம்ம சங்கத் தலைவருக்கு நாம கடைசியா எப்ப ஓட்டுப் போட்டோம்?"

பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

இருபது வருஷமாகப் போட்டதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் "தவாவே இருக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் கை தட்டிவிட்டு மீ கோரேங் நூடுல்ஸ் பக்கம் போய்விடுவார்கள். இதுவரை அதை அன்பு என்று நினைத்திருந்தார். இப்போது ஒரு சந்தேகம் முள் மாதிரி ஏறிவிட்டது. இவர்கள் தன்னை விரும்பித்தான் வைத்திருக்கிறார்களா? அல்லது எடுக்க யாரும் மெனக்கெடவில்லையா? தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்துகொள்ள ஒரே வழி, ரகசிய வாக்கெடுப்பு.

ஆனால் ஆள் வேண்டுமே!

தாமான் முனையில் நாசி லெமாக் தேங்காய்ச்சோறு விற்கும் ரொக்கியாவைக் கேட்டார்.

"நீங்க நிக்கச் சொன்னா நிக்கிறேன் தவா அண்ணே, உக்காரச் சொன்னா உக்கார்றேன். ஆனா காலையில மட்டும் முடியாது. வியாபாரம்."

"நான் சொல்றதுக்காக நிக்கக்கூடாதும்மா. உனக்கா தோணணும்."

"எனக்குத் தோணலையே!"

கடைசியில் கோப்பிக்கடையில் யாப்பின் கையைப் பிடித்தார்.

"யாப், நீதான் நிக்கணும்."

"எதுக்கு? நீதான் இருக்கியே."

"அதுக்காகத்தான்."

"தவா, எனக்குப் பேச வராது. முட்டி வலி வேற. ஜெயிச்சா யாரு ஓடுறது?"

"நீ ஜெயிக்கமாட்ட. சும்மா நில்லு. ஜனநாயகத்துக்காக."

யாப் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நீ கேக்கிறதால" என்றார்.

ஆள் கிடைத்ததும் அடுத்த சிக்கல் வந்தது. யாப்பிடம் தேர்தல் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாத வேட்பாளரோடு மோதுவது நாடகம் ஆகிவிடும் என்பதால் தவநேசனே எழுதிக் கொடுத்தார். தொகுதிச் சீரமைப்பு, மாநில உரிமை, நகராண்மைத் தேர்தல் எல்லாவற்றையும் தனக்கு வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சில்லறை விஷயங்களை யாப்புக்கு ஒதுக்கினார். மூன்றாவது வரிசைச் சாக்கடைத் தூர், விளையாட்டுத் திடலில் எரியாத விளக்கு, திரியும் நாய்கள்.

விவாதக் கூட்டத்தில் முதலில் தவநேசன் பேசினார். சர்க்கரைப் பொட்டலங்களையும் கொண்டுவந்திருந்தார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டு பேர் மரியாதையாகத் தூங்கினார்கள். பிறகு யாப் எழுந்து காகிதத்தை விரித்தார்.

"மழைநீர் வடிகால்ல… மண்டி… மண்டிக் கிடக்கிற…" கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தவநேசனைப் பார்த்தார். "தவா, இது என்ன எழுத்து?"

"படிவுகளை" என்றார் தவநேசன், பொறுக்கமுடியாமல். "படிவுகளை அகற்ற, மழைக்காலத்துக்கு முன்னாலயே டேங்கர் வண்டி!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. விளக்குக்கும் அதே கதை. நாய்க்கு விசில் பறந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கமலவேணி சொன்னாள்: "உங்க எதிரிக்கு நீங்களே எடுத்துக் குடுத்தா எப்படி?"

"திணறுற ஆளை ஜெயிச்சா அது ஜெயிப்பாடி?"

அப்புறம் தெரிந்தது, பாதிப் பேருக்கு யாப்பின் பெயரே தெரியாது. டயர்க்கடைக்காரர் என்றுதான் தெரியும். வாக்குச்சீட்டில் 'டயர்க்கடைக்காரர்' என்று அச்சடிக்க முடியாது. தவநேசன் ஞாயிற்றுக்கிழமை யாப்பை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "இவர்தான் வேட்பாளர் யாப் கிம் லியோங். நல்ல மனுஷர். பேரை ஞாபகம் வெச்சுக்குங்க." தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் பிரச்சாரம் ஆகிவிடும்.

"நீங்க, அங்கிள்?" என்று மெய் யீ கேட்டாள்.

"என்னை விடும்மா. இவரைப் பாரு."

யாப் ஒவ்வொரு வாசலிலும் முட்டியைத் தடவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பவர் மாதிரி நின்றார்.

தேர்தல் நாள். இரட்டை ஓட்டைத் தடுக்க விரலில் மை வேண்டும். எளிதில் போகாத மை. கமலவேணியின் தலைச்சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்து வைத்தார். அவள் அதைக் கண்டுபிடித்தபோது பாதி டப்பா காலி.

"இன்னிக்கு நான் நரைச்ச தலையோட சீட்டுக் குடுக்க உக்காரணுமா?"

"உக்காரு. ஆனா ஓட்டுப் போடாத."

"என்னது?"

"நீ தேர்தல் அதிகாரி. அதோட வேட்பாளர் மனைவி. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது."

 அவள் கிண்ணத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

வாக்குச்சீட்டு எளிமையானதுதான். இரண்டு பெயர், எதிரே இரண்டு கட்டம். பிடித்தவருக்கு நேரே பங்கா, அதாவது ஒரு பெருக்கல் குறி. கோடு கட்டத்துக்கு வெளியே போனால் தகராறு வரும் என்பதால் பெரிய அட்டையில் ஒரு மாதிரிச் சீட்டு வரைந்து, பங்கா போட்டுக் காட்டி, வாசல் கதவில் ஒட்டினார். தன் பெயருக்கு நேரே போட்டால் அது பச்சையான பிரச்சாரம். ஆகவே யாப் பெயருக்கு நேரே போட்டார்.

ரொக்கியா அந்த அட்டை முன்னால் வெகுநேரம் நின்றாள். "இப்படித்தானே அண்ணே போடணும்?"

"இப்படியேதான். அழுத்தமா, ரெண்டு கோடு."

"நிச்சயமா?"

"எத்தனை தடவை சொல்றது? போ, போ."

அவள் பெருமூச்சு விட்டபடி உள்ளே போனாள். கடை அடுப்பை அணைக்காமல் வந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தன் முறை வந்தபோது தவநேசன் மறைப்புக்குப் பின்னால் ஒரு கணம் யோசித்தார். தன் பெயருக்குத் தானே பங்கா போடுவது அநாகரிகமாகப் பட்டது. யாப்புக்குப் போட்டார்.

சீட்டுகளை எல்லார் முன்னாலும் பிரித்து, உயர்த்திக் காட்டி, மெய் யீ வாசித்தாள்.

"யாப். யாப். யாப்…"

முதலில் தவநேசன் புன்னகைத்தார். பாவம், யாப்பும் நாலு ஓட்டு வாங்கட்டும். பிறகு புன்னகை அப்படியே நின்றுவிட்டது, எடுக்க மறந்துவிட்டார். நடுவில் ஒருமுறை "தவநேசன்" என்று கேட்டது. அதற்கப்புறம் மறுபடி யாப்.

யாப்புக்கு அறுபத்தொன்று. தவநேசனுக்கு ஒன்று.

அவர் எழுந்தார். மண்டபச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

"மக்கள் தீர்ப்பை ஏத்துக்கிறேன். இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி. இவ்வளவு பாரமா இருந்திருக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு தட்டும் அவர் கன்னத்தில் விழுந்தது. ரொக்கியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை சந்தோஷமா!

கூட்டம் கலைந்ததும் யாப் பக்கத்தில் வந்தார். "தவா, நான் முதல்லயே வேணாம்னு…"

"எத்தனை நாளா இந்த ஆசை?"

"என்ன ஆசை?"

"மண்டபமே கூத்தாடுச்சே. முட்டி வலின்னு சொல்லிக்கிட்டே வாசல் வாசலா வந்தியே. என்னைவிட்டே பிரச்சாரம் பண்ண வெச்சிட்ட. டயர்ல காத்துப் பிடுங்கிற மாதிரி பிடுங்கிட்ட."

யாப்பின் முகம் மெல்லச் சிவந்தது. சாவிக்கொத்தை எடுத்தார், திருப்பி வைத்தார், மறுபடி எடுத்தார்.

"கமலவேணி ஓட்டுப் போடல. நீ உனக்குப் போட்டுக்கிற ஆளில்ல. அந்த ஒரு ஓட்டு யாரு போட்டதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.  

மறுநாள் காலையில் கோப்பிக்கடைக்குப் போனார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. யாப் விடிந்ததும் விடியாததுமாக நகராண்மைக் கழகத்துக்குப் போய்விட்டாராம், டேங்கர் வண்டி கேட்க. தவநேசன் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கிப் பார்த்தார். யாருக்குக் காட்டுவது? தானே எடுத்து டப்பாவில் போட்டார். சிறிது நேரம் பார்த்தார். யாப் வரவில்லை.

திரும்பும் வழியில் ரொக்கியாவின் கடையைத் தவிர்க்கப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே! வாங்க வாங்க. இன்னிக்கு உங்க பொட்டலத்துல முட்டை ரெண்டு. இனிமே உடம்பைப் பாத்துக்கணும்ல." பொட்டலத்தை நீட்டிய விரலில் தலைச்சாயம் இன்னும் கறுப்பாக இருந்தது. "ஓய்வு எப்படி இருக்கு?"

"ஓய்வா?" அதுவரை அடக்கிவைத்தது உடைந்தது. "எல்லாரும் சேந்து என்னைத் தூக்கி எறிஞ்சிட்டு, ஓய்வுன்னு பேர் வைக்கிறீங்களா? நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? மூஞ்சிக்கு நேரா ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?"

ரொக்கியாவின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது.

"தூக்கி எறிஞ்சோமா? என்ன அண்ணே பேசுறீங்க? யாப்பை நீங்கதான் கெஞ்சி நிக்க வெச்சீங்க. அவருக்கு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க, கூட்டத்துல எடுத்துக் குடுத்தீங்க, வீடு வீடாக் கூட்டிட்டு வந்து 'என்னை விடு, இவரைப் பாரு'ன்னீங்க. பொண்டாட்டியக்கூட உங்களுக்குப் போட விடல. கடைசியில எங்க பங்கா போடணும்னு கதவுலயே ஒட்டிட்டீங்க. பாவம், அண்ணன் களைச்சுப் போயிட்டாரு, வாயால சொல்ல சங்கடப்படுறாருன்னு தாமானே பேசிக்கிச்சு. எங்க யாருக்கும் மனசே வரல."

அவள் கண்கள் மறுபடி கலங்கின.

"ஆனா அண்ணே, இத்தனை வருஷத்துல நீங்க சொல்லி நாங்க எதைச் செய்யாம இருந்திருக்கோம்?"