பொன்னுத்தாயி வீட்டுக் குடம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஓட்டத்தைப் போல ஒரு விளையாட்டு கிடையாது. யாரிடமும் பந்து கேட்க வேண்டாம், யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு ஓடினால் போதும். அப்படி நம்பித்தான் நானும் ஓட ஆரம்பித்தேன். கடைசியில் கோவில்பட்டிக்கே கேட்கும்படி கத்தினேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பத்தாவது முடித்து, நர்ஸ் பயிற்சியும் முடித்து, கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார நர்ஸாக இருந்தேன். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் என் தலையில். பஸ் வராத ஊர்களுக்கு நடந்து போவேன். நடந்தால் நேரம் போதாது என்று ஓடினேன். ஓட்டம் பிடித்துப்போய்விட்டது. பிறகு கான்வாஸ் ஷூ வாங்கி, தங்கையின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் அதற்கென்றே ஓடினேன். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் அதே ஷூவோடு அப்படியே போய்விடுவேன்.

ஒரு சிக்கலை மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நர்ஸ் நடந்து வந்தால் ஊசி. ஓடி வந்தால் பெரிய ஊசி! நான் தெருவில் திரும்பியதும் பிள்ளைகள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். இரண்டு பிள்ளை பெற்ற ஆண்கள் கம்மங்காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள்.

எல்லோரிலும் கெட்டிக்காரி பொன்னுத்தாயி. கழுகுமலை ரோட்டில், கோவில்பட்டியை ஒட்டிய சின்ன ஊரில் ஆடு மேய்க்கிறவள். மகளுக்கு முதல் ஊசி போட்டபோது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, இவள் ஆட்டைப் பத்திக்கொண்டு போக முடியாமல் வீட்டில் கிடந்தாள். அதிலிருந்து என் தலை தெரிந்தால் போதும், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டம்தான். தட்டம்மை ஊசி பாக்கி. ஒருநாளும் நான் அவளைப் பிடித்ததில்லை. (மாரத்தான் பயிற்சியே அவளிடம்தான் எடுத்தேன் என்று சொல்லலாம்.)

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்: "உன் வேலை ஊசி போடுறதா, ஊரைக் கலைக்கிறதா?"

அந்தச் சமயத்தில்தான் கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி வரை பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் அறிவித்தார்கள். (முழு மாரத்தானில் பாதிதான் வரும். நாங்கள் மாரத்தான் என்றே சொல்லிக்கொண்டோம்.) டாக்டரம்மாவிடம் முனகலாகத்தான் லீவு கேட்டேன்.

"போய் ஓடு. ஆனா கடைசிக் கோட்டைத் தொடணும். பாதியில உக்காந்தேன்னா ஷூவை என் மேசையில வச்சிட்டு வேலையை மட்டும் பாரு. சரியா?"

தலையாட்டினேன். ஷூ லேஸை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் நல்ல மழை. பாதித் தூரம் ஜோராக ஓடினேன். பிறகு கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். கோவில்பட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நானும், களைத்தவர்களை ஏற்றிக்கொள்ளும் வேனும்தான் பின்னால்.

"யக்கா, ஏறிருங்க. உள்ள கடலை மிட்டாய் இருக்கு" என்றார் டிரைவர்.

வேன் கதவில் கை வைத்துவிட்டேன். அப்போது ரோட்டோரத்தில் ஆடுகளோடு பொன்னுத்தாயி நிற்பது தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். முன்னால் ஷூ போட்ட பெண்கள் கூட்டம். பின்னால் நான். எனக்குப் பின்னால் வேன்.

"ஆத்தாடி! படை தெரட்டிக்கிட்டு வாராவளே!"

பிள்ளையைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் கரிசல் சகதி. ஒரு அடி வைத்தால் காலோடு பாதிக் காடும் சேர்ந்து வரும். ஓட வழி தார் ரோடு மட்டும்தான். கோவில்பட்டியைப் பார்த்து ஓடினாள்.

அதற்குப் பிறகு என் கால் என்னைக் கேட்கவில்லை. பந்தயம் மறந்தது, வலி மறந்தது. தட்டம்மை ஊசி மட்டும்தான் ஞாபகம்.

"ஏட்டி பொன்னுத்தாயி! நில்லுட்டி! ஒரே ஒரு ஊசிதாம்ட்டி!"

ஓடிக்கொண்டிருந்த பெண்கள் பயந்து வழிவிட்டார்கள். அவர்கள் கழுகுமலையிலிருந்து ஓடிக் களைத்தவர்கள். பொன்னுத்தாயி கஞ்சி குடித்துவிட்டு வந்தவள். எல்லோரையும் தாண்டினாள். பின்னாலேயே நானும் தாண்டினேன்.

பந்தயம் முடியும் இடத்துப் பந்தலில் மைக் அலறியது. "இதோ, முதலாவதாக, இடுப்பில் குழந்தையோடு ஒரு வீரத்தாய்! இரண்டாவதாக... ஒரு வெள்ளாடு!"

அடுத்தது நான். ரிப்பன் பிள்ளையின் கழுத்தில் பறந்துகொண்டிருந்தது. "கோடு தாண்டியாச்சு, நில்லு!" என்று டாக்டரம்மா மேடையிலிருந்து கத்தினாராம். எனக்குக் கேட்கவில்லை. மேடையைச் சுற்றி, சேர்களைத் தள்ளிவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில்தான் அவளைப் பிடித்தேன்.

அவள் மூச்சு வாங்க, பிள்ளையின் கையை நீட்டினாள். "சரி, போட்டுத் தொலைங்க."

என் கையைப் பார்த்தேன். வெறுங்கை. ஊசியும் மருந்தும் ஆஸ்பத்திரியில்.

"ஊசி... கொண்டாரல" என்றேன். பழைய குரல் திரும்பிவிட்டது.

"ஊசி இல்லாமயா இம்புட்டுத் தூரம் விரட்டுனீங்க?"

"நீ ஏம்ட்டி ஓடுன?"

"நீங்க விரட்டுதீங்க, நான் ஓடுதேன்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். பொன்னுத்தாயிக்கும் ஆட்டுக்கும் பந்தய நம்பர் கிடையாதாம். அதனால் நான்தான் முதல்! பரிசு, பளபளவென்று ஒரு எவர்சில்வர் குடம்.

"கோட்டை முதல்ல தொட்டது நானு. குடம் எனக்குல்லா?" என்றாள் பொன்னுத்தாயி.

விழாக்காரர்கள் அவளை விலக்கப் போனார்கள். நான் குடத்தை அவளிடம் நீட்டினேன். "எடுத்துக்கோ. புதன்கிழமை பிள்ளையக் கொண்டு வா."

குடத்தைத் தட்டிப் பார்த்தாள். "மறுபடி காச்ச வந்தா? ஆட்டை யாரு பத்துவா?"

"மாத்திரை நான் தாரேன். ஆட்டை எங்க வீட்டுக்காரவுக பத்துவாவ." (அவரைக் கேட்கவில்லை.)

புதன்கிழமை வந்தாள். ஒரு இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் குடம். ஊசி போட்டேன். காய்ச்சலும் வந்தது. என் கணவர் அன்று முழுக்கக் கரிசலில் ஆடு மேய்த்தார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒரு ஆடு கூடுதல்.

டாக்டரம்மா ஷூவைக் கேட்கவே இல்லை. "ஓடு. ஆனா ஊருக்குள்ள மட்டும் நடந்து போ" என்றார். அதற்கும் அவசியம் இருக்கவில்லை. அதன்பின் அந்த ஊரில் யாராவது என்னைக் கண்டு ஓடினால் பொன்னுத்தாயியே தடுத்துவிடுவாள்: "ஓடாதீகட்டி. அவிய விடமாட்டாவ. ஊசி இல்லைன்னாலும் விரட்டுவாவ."

பிறகு முழு மாரத்தானும் ஓடி முடித்தேன். மெடல்கள் சுவரில் தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் ஒவ்வொன்றாகக் காட்டுவார். கடைசியில் சொல்வார்: "முதல் பரிசு இங்கன இல்ல. அது பொன்னுத்தாயி வீட்டுல தண்ணி எடுக்குது. நான் ஆடு மேய்ச்சு வாங்கிக் குடுத்தது."