இடப்பக்க ஜன்னலோரம்

ஒரு காரியத்தைச் செய்தே பார்க்காதவனுக்குத்தான் அதைப் பற்றிப் பேச வாய் ஜாஸ்தி. விமானத்தில் கால் வைப்பதற்கு முன்பே நான் விமான நிபுணன்.

ரமணாசிரமம் பக்கத்தில் அறைகளை வாடகைக்கு விடுகிறேன். அங்கே தங்குகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இறக்கைக்கு மேல் உட்கார்ந்தால் இறக்கைதான் தெரியும், பின்னால் தள்ளி உட்கார வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கோயம்புத்தூரில் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. சென்னையிலிருந்து பறந்தால் நம் மலை இடப்பக்கம்தான் வரும் என்று செல்போன் வரைபடத்தில் விரலால் கோடு இழுத்து மாமியாருக்குக் காட்டினேன். மூட்டுவலியால் அவர் கிரிவலம் போவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"மேலேர்ந்து பாத்தா முழு மலையும் தெரியுமா மாப்ள?"

"ஒரு வாட்டி பாத்தீங்கன்னா ஒரு சுத்து வந்த மாதிரி அத்தை."

(இந்தப் புண்ணியக் கணக்கு அந்த நிமிஷம் நானே கண்டுபிடித்தது.)

இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால், ஜன்னலோரம் மாமியார். நடுவில் நான். அந்த ஓரம் மனைவி கலா. விமானம் மேலே ஏறியதும் மாமியாரின் மடியைத் தாண்டி எட்டி, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். அவருக்குக் கிடைத்த இயற்கைக் காட்சி என் பிடரி மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் கீழே பாறையும் பச்சையுமாக ஒரு மலை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

கத்தியது நான்தான். முன் வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். வலப்பக்கத்து அம்மா ஒருவர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எங்கள் வரிசைக்கே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பணிப்பெண் ஓடிவந்து, "சார், எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க" என்று, ஏதோ நான்தான் கோயில் தர்மகர்த்தா என்பதுபோல் என்னிடமே கெஞ்சினார்.

பெருமையோடு தலையை எடுத்து மாமியாருக்கு வழிவிட்டேன். எட்டிப் பார்த்தவரின் கைகள் கூப்பப் போய்ப் பாதியில் நின்றன.

"மாப்ள, மூணு மலை இருக்குதே?"

"மேலேர்ந்து பாத்தா அப்டித்தான் தெரியும் அத்தை."

"மலை மேல கோட்டைச் சுவர் போவுதே?"

"அது கோயில் மதில்."

"மலை உச்சியிலயா?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது செஞ்சிக் கோட்டைங்க. நான் பொறந்த ஊரு எனக்குத் தெரியாதா?"

கன்னத்தில் போட்டுக்கொண்ட அம்மா என்னை முறைத்தபடியே தன் இடத்துக்குத் திரும்பினார். தினமும் பல் விளக்கிக்கொண்டே பார்க்கிற மலையை எனக்கு அடையாளம் தெரியவில்லை! வெட்கம் தாங்காமல் முன் வரிசைக்காரர்களிடம் வெளிச்சத்தின் கோணம், மேகத்தின் நிழல் என்று ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இதோ, இதான் நம்ம மலை" என்று பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. நான் திரும்பி எட்டுவதற்குள் மேகம் மூடிவிட்டது. அவர் கூப்பிய கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொறந்த ஊரையும் பாத்தாச்சு, வாக்கப்பட்ட ஊரையும் பாத்தாச்சு. நல்ல சீட்டு மாப்ள."

எனக்கும் அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. ஆனால் கலாவுக்குப் போதவில்லை. கோயம்புத்தூரில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போனில் கதை போய்விட்டது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பச்சைப் புடவை கட்டிய யாரையோ கலா என்று நினைத்து, "வா, சாப்பிடப் போலாம்" என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற உண்மையான கலா இடுப்பில் கை வைத்தாள்.

மாமியார்தான் சமாதானம் செய்தார்: "உடுடி, அவருக்கு எல்லா மலையும் ஒண்ணுதான்."