அப்பாவின் முழங்கையும் பெரியப்பாவின் வேட்டிக்கரையும்

ஒரே சொடுக்கில் பெற்ற தகப்பனையும் பெரியப்பாவையும் அக்காவின் கல்யாணத்திலிருந்து நீக்கியவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

அப்பாவும் பெரியப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, பேராதனையில் அடுத்தடுத்து வீடு கட்டியவர்கள். வேலியோரம் நின்ற ஜம்பு மரத்தைப் பெரியப்பா கேட்காமல் தறித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கண்டியில் அக்காவின் கல்யாணம் நடந்தபோதுகூட, ஒருவர் மணவறைப் பக்கம் வந்தால் மற்றவர் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார். படமெடுக்க வந்தவர் எடுத்த எதிலும் இருவரும் ஒன்றாக இல்லை. அக்கா அடுத்த மாதம் அவுஸ்திரேலியாவுக்குப் போகவிருந்தாள். என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"டேய், அப்பாவும் பெரியப்பாவும் என்னோட நிக்கிற படம் ஒண்டு வேணுமடா. ஒண்டே போதும். அதைக் கொண்டுபோறன்."

(அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியதே பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள்தான்.)

நான் அப்போதுதான் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டபடி திரிந்தேன். (குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.) "போனையெல்லாம் உள்ள வையுங்கோ!" என்று சொந்தக்காரர்களை அதட்டினேன். அக்காவுக்காக இருவரும் வந்தார்கள். வந்து, வரிசையின் இந்த முனையில் அப்பாவும் அந்த முனையில் பெரியப்பாவுமாக நின்றார்கள். பார்க்கும் கண்ணாடிக்குள் எல்லோரும் தெரிந்தார்கள். ஒரே தடவைதான் அமுக்கினேன். நல்ல கலைஞன் இரண்டாம் தடவை அமுக்கமாட்டான் என்பது அப்போது என் கொள்கை.

அந்தக் கமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அது லென்ஸுக்கு எட்டாததையும் தாராளமாகக் காட்டும். படத்தில் விழப்போவது எதுவரை என்பதை உள்ளே தெரியும் வெள்ளைக் கோடுகள் கட்டம் போட்டுச் சொல்லும். நானோ அந்தக் கோடுகளை அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

படச்சுருளைக் கழுவி ஸ்கான் செய்து தரச்சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினேன். படங்கள் போனுக்கு வந்தது அக்கா புறப்படுவதற்கு முதல்நாள். பெருமை தாங்காமல், சரியாகப் பார்க்காமலே குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சற்று நேரத்தில் அக்கா அழுதுகொண்டு அறையிலிருந்து வந்தாள். அதே நேரம் கேற்றைத் தள்ளிக்கொண்டு பெரியப்பா வந்தார். ஜம்பு மரத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான்.

"கொப்பர் சொல்லித்தானேடா என்னை வெட்டினனீ?"

கொப்பர் என்று தன்னைச் சொன்னதைக் கேட்ட அப்பா கதிரையை விட்டு எழும்பி வந்து, பெரியப்பாவின் போனையே எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, என்னையும்தான் வெட்டியிருக்கிறான். இஞ்ச பாருங்கோ, இது என்ரை முழங்கை."

"உனக்கு முழங்கையாவது இருக்கு. எனக்கு வேட்டிக்கரை மட்டும்தான்."

"இவனுக்கு என்னத்துக்கு அண்ணை கமரா?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்!"

பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பெரியப்பாவுக்கும் சேர்த்துத் தேநீர் வைத்தார். எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை முற்றத்தில் அக்காவைக் கதிரையில் இருத்தினேன். பின்னால் நிற்கச் சொன்னால், பழக்கதோஷத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றார்கள். என் முதுகுக்குப் பின்னால் மதில். ஓரடிகூடப் பின்வாங்க வழியில்லை. கண்ணை வெள்ளைக் கோடுகளில் வைத்துக்கொண்டு, "கிட்ட வாங்கோ" என்றேன். வந்தார்கள். கோட்டுக்குள்ளும் வந்துவிட்டார்கள். ஆனாலும் நான் "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தோளோடு தோள் முட்டியது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறிய பெரியப்பா, கடைசியில் அப்பாவின் முதுகில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோடு சரியாகத் தெரியாமலேயே அமுக்கினேன். நல்லவேளையாகப் படம் விழுந்திருந்தது.

அந்தப் படம் இப்போது மெல்பேர்னில் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. இங்கே எந்த விசேஷத்திலும் நான் கமராவைத் தூக்கினால் போதும், பெரியப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பார்.

"தம்பி, கிட்ட வா. இவன் வெட்டிப்போடுவான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே ஒட்டி நிற்பார். நான் போன வருடமே அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டு வீட்டு ஆட்களும் கையை விரித்துக்கொண்டு நின்றாலும் அதில் அடங்குவார்கள். அதை அவர்களிடம் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.