உறிஞ்சி சார் கேட்ட வெற்றிடம்

அரசு ஊழியர் குடியிருப்பு விதிகளில் ஒன்று இப்படிப் போகும்: ‘வீட்டில் எவ்வகை இயந்திரத்தையும் நிறுவ விரும்புவோர் எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். பதில் வரும் வரை இயந்திரத்தை இயக்கலாகாது.’ பதில் எப்போது வரும் என்பதற்கு விதி கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன்.

என் சர்வீஸில் பிறர் காலை வாரியவர்களையும் பிறர் காலைப் பிடித்தவர்களையும் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் அந்தப் பிறருடைய நன்மைக்காகவே செய்த ஒரே மனிதர் உறிஞ்சி சார்தான்.

எழுபதுகளின் கடைசியில் மன்னார்புரம் குடியிருப்பில் அவர் எனக்கு அடுத்த வீடு. கல்லூரியில் பௌதிகம் எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வாகனம் ஒரு சைக்கிள். ஆனால் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்த அத்தனை பேருக்கும் எஞ்சின் ஆயில் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். அதற்கென்று வீட்டிலேயே ஒரு வேக்குவம் பம்ப் செய்து வைத்திருந்தார். உறிஞ்சி என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்றின் கம்ப்ரஸர், ஆசிட் வருகிற பெரிய கண்ணாடிக் குடுவை, இரண்டு குழாய்கள். அவ்வளவுதான். உள்ளே காற்றில்லாமல் போனால் குடுவை நொறுங்கித் தெறிக்கும் என்று அதற்குச் சாக்கு சுற்றிக் கயிறு போட்டிருப்பார். பார்வைக்கு யாரையோ கட்டி உட்கார வைத்தது போல இருக்கும்.

பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை அடிவரை இறக்குவார். சுவிட்சைப் போட்டதும் எங்கள் வரிசை முழுக்க விளக்குகள் மங்கும். கறுத்த எண்ணெய் யார் கையும் படாமல், தானாகக் குழாயில் மேலே ஏறும். அடியில் எல்லாம் வற்றியதும் குழாய் வெறும் காற்றை இழுக்கும். அப்போது ஒரு சத்தம் வரும். தொண்டை கட்டிய கிழவர் ஒருவர் சாக்குக்குள்ளிருந்து ‘போதும்... போதும்...’ என்பது போல. தெருவில் விளையாடும் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். என் மனைவி மட்டும் அசர மாட்டாள். “இந்தக் குவார்ட்டர்ஸ்ல போதும்னு சொல்ற ஒரே ஆள் அதுதான்” என்பாள்.

ஒருநாள் கேட்டேன். “ஏன் சார், அடியில ஒரு போல்ட்டைக் கழட்டினா தானா கொட்டிடுமே?”

“கொட்டும். கழட்டறதுக்கு ஒருத்தர் அடியில படுக்கணுமே. வண்டிக்கு அடியில மனுஷன் போகக் கூடாதுங்க. எங்க அண்ணன் போனான்.”

அதற்கு மேல் கேட்க அவர் முகம் இடம் தரவில்லை.

மன்னார்புரம் முனையில் ஒரு சாயங்காலம். துறையூர் வெங்காய லாரி ஒன்று ஜாக்கியில் நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்னோடு பேசிக்கொண்டே வந்த உறிஞ்சி சார் சைக்கிளை அப்படியே கீழே போட்டார். ஓடிப்போய் இரண்டு கால்களையும் பிடித்து ஒரே இழுப்பு.

“யோவ்! எவன்யா அது காலை வாருறது?”

“வெளியில வாங்க தம்பி. அப்புறம் திட்டுங்க.”

“வேலை பாக்கறவன் காலை இழுக்கறியே, கிறுக்கா உனக்கு?”

வெளியே வந்த டிரைவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். கூட்டம் சேர்ந்தது. நான் என் அரசுப் பதவியைச் சொல்லி விலக்கலாமென்று தொண்டையைக் கனைத்தபோது, ஜாக்கி சரிந்தது. லாரி ஒரு பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்தது. மூட்டையிலிருந்து நாலைந்து வெங்காயம் உருண்டு வந்து எங்கள் காலடியில் நின்றன. டிரைவர் மெல்லக் கையை எடுத்து, தான் கசக்கிய காலரைத் தானே நீவிவிட்டார்.

“எப்படிங்க தெரிஞ்சுது?”

“கால் ரெண்டும் ஆடாம கெடந்துச்சு. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான் கெடந்துச்சு.”

நானும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அவை ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வம்பு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. எதிர் வீட்டு வரதனின் மாமனார் தன் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார். சாயரட்சை, கூடத்தில் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். விளக்கு மங்கியது. எங்கிருந்தோ ‘போதும்... போதும்...’ என்று குரல்.

“மாப்பிள்ளே, பெருமாள் திருவுள்ளம் ஆயிடுத்து. அடியேனுக்குப் போதும்னு சாதிச்சுட்டார். வண்டி வைங்கோ, ஆத்துக்குப் போயிடறேன்.”

“அது எதிர்வீட்டுக்காரர் ஆயில் மாத்தற மிஷின், மாமா!”

“பெருமாள் எதுக்குள்ளேர்ந்து சாதிச்சா என்ன?”

ஸ்ரீரங்கம் போனவர் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு படுத்துவிட்டார். (அதன் பிறகு பல வருஷம் திடமாக இருந்தார், அது வேறு விஷயம்.) வரதன் புகார் எழுதினார். இலாகாவிலிருந்து உத்தரவு வந்தது. இயந்திரத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். பதில் வருமுன் ஓட்டினால் வீடு ரத்து. அதுவரை இயந்திரம் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில், அதாவது என் பின்கட்டில், இருக்க வேண்டும். சாக்குக் குடுவை என் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் என்னையறியாமல் செருமிவிட்டுப் போவேன்.

சார் விண்ணப்பம் எழுதியபோது கூட இருந்தேன். “வேக்குவம்னே போடுங்க சார். ஆபீஸ் சமாசாரம் எனக்குத் தெரியும்.”

“தமிழ்ல பாடம் எடுக்கறவன் நான். வெற்றிடம்னு நல்ல சொல் இருக்கறப்ப எதுக்குங்க வேக்குவம்?”

பொருள்: வீட்டில் வெற்றிடம் உண்டாக்க அனுமதி கோருதல். தபால் பிரித்தவர் ‘வெற்றிடம்’ என்று கண்டதும், காலிப் பணியிடங்களைக் கவனிக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து முதல் விளக்கம் கேட்டார்கள். ‘மேற்படி வெற்றிடம் நிரந்தரமா, தற்காலிகமா?’ இவர் எழுதினார்: ‘தற்காலிகம். வண்டிக்குப் பத்து நிமிடம்.’ அடுத்த கேள்வி: ‘ஓய்வினால் ஏற்படுவதா, மரணத்தினாலா?’

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ‘இப்போதைக்கு இரண்டும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு பதிலே இல்லை.

வண்டிகள் பதிலுக்குக் காத்திருக்குமா? மெக்கானிக்குகள் வந்து அடியில் படுக்க ஆரம்பித்தார்கள். யார் வீட்டு வாசலில் யார் படுத்தாலும் உறிஞ்சி சார் அங்கே போய்க் குந்திக்கொள்வார். படுத்தவனின் கணுக்கால் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

“நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்.”

திட்டிப் பார்த்தார்கள், உதைத்தும் பார்த்தார்கள். பிடி தளரவில்லை.

என் ஃபியட்டுக்கும் முறை வந்தது. பாலக்கரை அந்தோணி அடியில் போனான். சார் காலைப் பிடித்துக்கொண்டார். நான் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“முடிஞ்சுது சார். விடுங்க.”

கொஞ்சம் பொறுத்து, “சார், கூசுது. போதும், விடுங்க.”

நான் சிரித்தேன்.

“போதும் சார்... போதும்...” இந்தத் தடவை அந்தோணியின் குரல் வேறு மாதிரி இருந்தது. “ஐயா, கொஞ்சம் வாங்களேன். சார் கை ஜில்லுனு இருக்கு.”

குந்தியபடியே, தலையை பம்பரில் சாய்த்துப் போயிருந்தார். பிடி மட்டும் அப்படியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெளியே வந்த அந்தோணி வெகுநேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதில் பிறகு வந்தது. அவர் வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். ‘தாங்கள் கோரியபடி தங்கள் இல்லத்தில் வெற்றிடம் ஏற்படுத்த அனுமதி அளிக்கப்படுகிறது. மேற்படி வெற்றிடத்தை வேறு எவரைக் கொண்டும் நிரப்பலாகாது.’

விண்ணப்பித்தவர் இறந்தால் அனுமதி தானாக ரத்தாகும். விதி எனக்குத் தெரியும், எண்ணோடு தெரியும். அன்று பொழுது சாய்ந்ததும் சாக்குக் குடுவையை வாசலுக்குத் தூக்கி வந்தேன். ஃபியட்டில் குழாயை இறக்கி சுவிட்சைப் போட்டேன். வரிசை முழுக்க விளக்குகள் மங்கின. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. வரதனும் வெளியே வந்து நின்றார். எண்ணெய் வற்றும் வரை எல்லோரும் காத்திருந்து, சாக்குக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் உள்ளே போனோம்.

பதில் வந்த நாள், ஆடிப் பதினெட்டு. ஊருக்கெல்லாம் பெருக்கு, எங்கள் வரிசைக்கு வெற்றிடம்.