நீலத் திரையில் பணிமூப்பு

மனித அறிவு இதுவரை படைத்தவற்றுள் குறையே இல்லாதவை இரண்டு. ஒன்று, பணிமூப்புப் பட்டியல். மற்றொன்று, பழைய கணினியை முடுக்கியவுடன் டெலீட் விசையை அழுத்தினால் விரியும் நீலத் திரை. (மூன்றாவது ஏதும் உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை. எனக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ.) எங்கள் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இவை இரண்டும் கைகுலுக்கிக்கொண்ட வரலாற்றை, மாலைக் கணினி வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த நீலத் திரைக்கு 'செட்டப்' என்று பெயர். கணினியின் கடிகாரம், நினைவகம், வட்டுகள் எல்லாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கேதான் விதிக்கிறோம். அதில் 'பூட் வரிசை' என்று ஓர் இடம் உண்டு. காலையில் விழித்தெழும் கணினி எந்த வட்டை முதலில் கூப்பிட வேண்டும் என்பதை அது சொல்லும்.

எங்கள் கணினி முதலில், வெளியிலிருந்து செருகும் மெல்லிய வட்டான பிளாப்பியைக் கூப்பிடும். அங்கே யாரும் இல்லையென்றால் பேசாமல், உள்ளேயே இருந்து எல்லா வேலையும் பார்க்கும் ஹார்டு டிஸ்கிடம் போய்விடும். ஒரு திங்களன்று சீனியர் ஒரு வெற்று பிளாப்பியை உள்ளே தள்ளினார். அது சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து கணினி அந்த வெற்றுத் தட்டையே கேட்டுக் கேட்டுக் கறுப்புத் திரையில் நின்றது.

சீனியர் இருபத்திரண்டு ஆண்டு அனுபவசாலி. அந்த அனுபவம் சிந்திவிடக் கூடாதென்று நாற்காலியில் அசையாமல் அமர்ந்து காத்துவருபவர். சரக்குச் சீட்டு, கடிதம், லாரிக்காரர்களின் சண்டை எல்லாவற்றையும் பார்ப்பவர் தட்டச்சு அக்கா. அவருக்கு ஒன்பது ஆண்டுதான்.

மருந்து சுலபம். ஹார்டு டிஸ்கை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டால் போதும். முந்தின வாரம்தான் வகுப்பில் நடத்தினார்கள். ஆனால் நான் தற்காலிக ஊழியர். யாரையும் ஏற்றவோ இறக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. மேலாளரிடம் கேட்டேன். அவர் கூட்டம் கூட்டினார். பொருள் ஒன்று: பூட் வரிசை. பொருள் இரண்டு: காலியாக உள்ள பிரிவுத் தலைவர் பதவி சீனியருக்கா, அக்காவுக்கா.

நான் செட்டப்பை விளக்கி முடித்ததும் சீனியர் எழுந்தார். "பூட்டுன்னா சாவி என்கிட்டதான இருக்கணும்?" என்றார். பூட் வேறு, பூட்டு வேறு என்று அவருக்குப் புரியவைக்க இருபது நிமிடம் ஆனது. பிறகு பொருட்பதிவேடு வரவழைக்கப்பட்டது. பிளாப்பிப் பெட்டி கணினியோடு கூடவே வந்தது. ஹார்டு டிஸ்க் பழுதாகி மாற்றப்பட்டது; சேர்ந்து இரண்டே வருடம்.

"நேத்து வந்த ஆள முதல்ல உக்கார வெக்கச் சொல்றியா பாப்பா?" என்றார் சீனியர்.

வேலை செய்வது அதுதான் சார் என்று மெல்லச் சொன்னேன்.

"வேலை செய்யறவங்களுக்கு எதுக்கும்மா முதலிடம்?" என்றார் மேலாளர். "அவங்களுக்குத்தான் வேலை இருக்கே."

பணிமூப்புப்படி பிளாப்பியே முதலிடத்தில் நீடிக்கும் என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று. அக்கா குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் அவர் மனம் கணக்கில் வரவில்லை. அந்த வரிசையை 'முறைப்படி உறுதிசெய்து' கணினியை ஓட வைப்பது என் பொறுப்பு. மேலாளர் இன்னொன்றும் சேர்த்தார். ஒரு வாரம் பார்ப்பார்களாம். இந்தக் கொள்கையில் கணினி ஓடினால் பதவிக்கும் அதே கொள்கை; ஓடாவிட்டால் பதவி அக்காவுக்கு.

இதைவிட நியாயமான தேர்வு இருக்க முடியுமா? தீர்மானத்தை நான் அப்படியே நிறைவேற்றினால் போதும். கணினி ஓடாது. அக்கா பிரிவுத் தலைவர்.

கணினி ஓடாவிட்டால் என்னென்ன ஆகும் என்று நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். இடப்பக்கம்: அக்காவுக்குப் பதவி. வலப்பக்கம்: பாப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். வகுப்புக்குப் போவது தண்டம் என்பார்கள். அடுத்த மாதம் என் வேலையை நீட்டிக்க மாட்டார்கள். வலப்பக்கம் மூன்று வரி, இடப்பக்கம் ஒன்று. முறைப்படி வலப்பக்கமே வென்றது.

எல்லோரும் தேநீருக்குப் போனபோது ஹார்டு டிஸ்கை முதலிடத்துக்கு ஏற்றினேன். சேமிக்கவா என்று திரை கேட்டது. 'ஒய்' விசையை அழுத்தினேன். கணினி ஓடியது.

"பாத்தீங்களா, மூப்புக்கு மரியாதை குடுத்ததும் எப்படி ஓடுதுன்னு," என்று மேலாளர் மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். கணினி வாரம் முழுவதும் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசி நாள் சீனியர் பிரிவுத் தலைவரானார். அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவர் அக்கா. கூடவே எனக்கும் ஒரு பாராட்டுக் கடிதம்.

அதை மேலாளரின் கையெழுத்துக்கு அனுப்புமுன் அக்கா என் மேசைக்கு எடுத்து வந்தார்.

"கூட்டத்துல நீ சொன்ன மாதிரியே டெலீட்ட அழுத்தி, காலைல உள்ள போய் முதல்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்தேம்மா," என்றார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இதுல, 'தீர்மானத்தை உண்மையாக நிறைவேற்றியமைக்காக'ன்னு வருது. அந்த 'உண்மையாக' இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலாளர் சொல்லி எழுதவைத்த வாசகம். அதில் ஒரு தற்காலிக ஊழியர் கைவைப்பது முறையாகாது.

"இருக்கட்டுங்க்கா," என்றேன்.